பிசிஆர்: ஊர் கூடி இழுத்த தேர்

2020, 2021ஆம் வருடங்களில், ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்களின் பேச்சில் ஒரு புது வார்த்தை ஒட்டிக்கொண்டது. ஆர்டி-பிசிஆர். ஊரில் கல்யாணமோ சாவோ, முதல் கேள்வி "டெஸ்ட் எடுத்தாச்சா, நெகட்டிவ்தானே?" என்பதுதான். மகாராஷ்டிரத்திலிருந்து போகிறவர்களிடம் கர்நாடக எல்லையில் அந்தத் தாளைக் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வரவும் அந்தத் தாள், இல்லையென்றால் இரண்டு ஊசி போட்ட சான்றிதழ், வேண்டியிருந்தது. மூக்கில் குச்சி விட்டுக் கண்ணில் நீர் வந்த அனுபவம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட உண்டு.

அதே நாட்களில் குடும்ப வாட்ஸப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டும் சுற்றியது. "பிசிஆரைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானியே, இதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எல்லாம் ஏமாற்று வேலை." பெரியப்பா அனுப்புவார், சித்தி மறுபடி அனுப்புவார், பள்ளிக்கூட நண்பர்கள் குழுவிலும் அதுவே வரும். இப்போதும் புதிதாக ஏதாவது காய்ச்சல் கிளம்பினால் அந்த ஃபார்வர்டு தூசி தட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் "கண்டுபிடித்தவரே" என்ற அந்த வார்த்தை இருக்கிறதே, அதில்தான் விஷயம் இருக்கிறது. பிசிஆரைக் கண்டுபிடித்தது யார்? வினாடி வினாவில் கேட்டால் கேரி முல்லிஸ் என்று சொல்லி மார்க் வாங்கிவிடலாம். உண்மைக் கதை அவ்வளவு சுருக்கமில்லை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் உயிரியல்காரன் இல்லை. புனேயில் தொழிற்சாலைகளுக்கு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. சூட்டை ஏற்று, இத்தனை விநாடி நிறுத்து, இறக்கு என்பதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறேன். பிசிஆர் இயந்திரம் செய்வதும் அதேதான் என்று தெரிந்தபோது வந்த ஆர்வத்தில் படித்ததுதான் இதெல்லாம்.

முதலில், குச்சி போன பிறகு நடப்பது என்ன?

டிஎன்ஏ என்பது முறுக்கிய நூலேணி. இரண்டு பக்கமும் நீளக் கயிறு, நடுவில் படிகள். ஒவ்வொரு படியும் இரண்டு எழுத்துகள் கைகோத்து நிற்பது. மொத்தம் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. ஏ எப்போதும் டியோடு சேரும். ஜி எப்போதும் சியோடு சேரும். அதனால் ஒரு பக்கக் கயிறு கையில் இருந்தால் மறுபக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று எழுதிவிடலாம். செல்கள் பிரியும்போது டிஎன்ஏ இரண்டாவது இந்த விதியை வைத்துத்தான்.

நம் உடம்பின் டிஎன்ஏவில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். நோயோ குற்றமோ, நமக்குத் தேவைப்படுவது அதில் ஒரு இருநூறு முந்நூறு எழுத்துத் துண்டுதான். ஒரு பெரிய நூலகத்தில் ஒரே ஒரு பத்தியைத் தேடுவது மாதிரி. பிசிஆர் அதைத் தேடுவதில்லை. அந்தப் பத்தியை மட்டும் நகல் எடுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் குவியலில் எங்கே கை வைத்தாலும் அந்தப் பத்திதான் வரும். பிறகு தேட என்ன இருக்கிறது?

செய்முறை மூன்றே படி.

ஒன்று, சுமார் 95 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். ஏணியின் படிகள் விட்டுக்கொண்டு இரண்டு கயிறும் தனித்தனியாகும்.

இரண்டு, சுமார் 55 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். ஏற்கெனவே குழாயில் பிரைமர் என்ற குட்டித் துண்டுகளைக் கோடிக்கணக்கில் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் இருபது எழுத்து நீளம் இருக்கும். இரண்டு வகை: நமக்கு வேண்டிய பத்தியின் ஆரம்பத்தில் போய் ஒட்டுவது ஒன்று, முடிவில் எதிர்க்கயிற்றில் போய் ஒட்டுவது இன்னொன்று. இரண்டும் எதிரெதிர் முகம் பார்த்து உட்காரும்.

மூன்று, 72 டிகிரி. பாலிமரேஸ் என்ற என்சைம் (பாடப்புத்தகத்தில் நொதி என்று படித்திருப்போம்) பிரைமர் உட்கார்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, எதிர்க்கயிற்றைப் பார்த்து எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகும்.

ஒன்று இரண்டாகிவிட்டது. மறுபடி 95. இரண்டு நான்காகும். மறுபடி.

அம்பலப்புழை பால் பாயசக் கதை தெரிந்திருக்கும். சதுரங்கத்தில் தோற்ற ராஜா முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என்று கொடுக்க ஒப்புக்கொண்டு களஞ்சியத்தையே இழந்த கதை. அதே கணக்குதான். 10 சுற்றில் 1,024. 20 சுற்றில் 10 லட்சத்தைத் தாண்டும். 30 சுற்றில் 107 கோடிக்கு மேல். இது ஏட்டுக்கணக்கு, நிஜத்தில் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு டிஎன்ஏவிலிருந்து கோடிக்கணக்கில் நகல் வந்துவிடும்.

ஒரு சந்தேகம் வரலாம். என்சைம் பத்தி முடிந்ததும் நிற்காமல் அடுத்த பக்கத்துக்கும் எழுதிக்கொண்டே போகாதா? போகும். ஆனால் அப்படிப் போன நகலின் ஒரு முனை பிரைமரில்தான் தொடங்குகிறது. அடுத்த சுற்றில் அந்த நகலைப் பார்த்து எழுதும்போது அந்த முனையோடு கயிறு முடிந்துவிடும், மேலே எழுத இடமில்லை. இப்படி, இரண்டு பக்கமும் அளவாக வெட்டிய துண்டு மூன்றாவது சுற்றில் பிறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீள நகல்கள் தனிவட்டியில் வளர்கின்றன, அளவான நகல்கள் கூட்டுவட்டியில் வளர்கின்றன. ஒரு டிஎன்ஏவில் ஆரம்பித்தால் 30 சுற்று முடிவில் நீள நகல்கள் வெறும் 60. அளவான நகல்களோ நூறு கோடிக்கு மேல். கூட்டுவட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. :-)

தத்துவம் இவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். அப்படியானால் இது ஏன் 1983 வரை காத்திருந்தது?

பட்வாரி வீட்டுக் கடைசிப் பிள்ளை

காத்திருக்கவில்லை என்பதுதான் பதில். 1971ல் ஹர் கோவிந்த் குரானாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஒரு கட்டுரையில் இந்த யோசனை கிட்டத்தட்ட முழுதாக இருக்கிறது. முதல் பெயர் நார்வேக்காரர் ஷெல் க்ளெப்பே. டிஎன்ஏவைச் சூடாக்கிப் பிரி, இரண்டு பிரைமர்களை நிறையச் சேர், குளிர்வி, என்சைமைப் போடு, ஒன்று இரண்டாகும். ஒவ்வொரு முறையும் புதிதாக என்சைம் போட்டு இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்று கட்டுரையின் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கிறார்கள்.

குரானா கதை நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்தான் பக்கம் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் 1922ல் பிறந்தார். நூறு பேர் வசித்த ஊர். அப்பா பட்வாரி, நம் ஊர் கணக்குப்பிள்ளை மாதிரி. ஐந்து பிள்ளைகளில் இவர் கடைசி. ஊரிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறக்குறைய இவர்களுடையது மட்டும்தான். லாகூரில் படித்து, 1945ல் அரசாங்க உதவித்தொகையில் லிவர்பூல் போய் டாக்டர் பட்டம் வாங்கினார். இடையில் நாடு பிரிந்துவிட்டது. 1949ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தவருக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ், வான்கூவர், விஸ்கான்சின், கடைசியில் எம்ஐடி என்று ஊர் ஊராகப் போனார். 1968ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டார். பிறந்த ஊர் வேறு நாடாகிவிட்ட மனிதர்.

யோசனை 1971லேயே இருந்தது என்றால், ஏன் நடக்கவில்லை? நான் படித்ததில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். தேருக்கு வடம் இருந்தது, சக்கரம் இல்லை.

பிரைமர் வேண்டும் என்றால் எழுத்து எழுத்தாகக் கையால் வேதியியல் முறையில் கோக்க வேண்டிய காலம் அது. 77 படி நீளமுள்ள ஒரு மரபணுவைச் செயற்கையாகச் செய்து முடிக்கக் குரானாவின் குழுவுக்குப் பல வருடம் ஆயிற்று. அடுத்தது, பிரைமர் செய்யப் பத்தியின் இரண்டு முனையிலும் என்ன எழுத்து இருக்கிறது என்று தெரிய வேண்டும். டிஎன்ஏவை வேகமாகப் படிக்கும் முறைகள் வந்ததே 1977ல்தான். மூன்றாவது, அவர்கள் கையில் இருந்த என்சைம் 95 டிகிரியில் வெந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு மாதிரி. இதற்கு நடுவில் 1973ல் வேறொரு வழி வந்துவிட்டது: வேண்டிய டிஎன்ஏ துண்டைப் பாக்டீரியாவுக்குள் செருகிவிட்டால் அது பெருகும்போது துண்டும் பெருகும். நகல் எடுக்க வேறு வழி கிடைத்த பிறகு அந்தக் கடைசிப் பகுதியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெந்நீர் ஊற்றில் ஒரு வேலையற்ற வேலை

சக்கரங்களில் ஒன்று அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கிடந்தது. நிலத்துக்கடியிலிருந்து வெந்நீர் கொப்பளிக்கும் ஊற்றுகள் நிறைந்த இடம். அவ்வளவு சூட்டில் எந்த உயிரும் தாங்காது என்பதுதான் அப்போதைய பொது நினைப்பு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிராக் அந்த ஊற்றுகளின் ஓரத்தில் நிறம் நிறமாகப் படிந்திருப்பது என்ன என்று பார்க்கக் கிளம்பினார். மருந்து செய்ய இல்லை, காசு பார்க்கவும் இல்லை. சூட்டில் உயிர் எதுவரை தாங்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

1966ல் மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றிலிருந்து எடுத்த மாதிரியில் அவரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளநிலை மாணவரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 70 டிகிரியில் சுகமாக வளர்கிற ஜீவன். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்து 1969ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியை அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில், யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும்படி, கொடுத்து வைத்தார்கள்.

1976ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சியென், எட்கர், ட்ரெலா என்ற மூவர் அந்தப் பாக்டீரியாவின் பாலிமரேஸைத் தனியாகப் பிரித்து, அது 80 டிகிரியில் பிரமாதமாக வேலை செய்கிறது என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரையையும் அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை.

ஹோண்டா சிவிக்கில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு

இப்போது முல்லிஸ். வட கரோலினாவில் 1944ல் பிறந்தவர், பெர்க்லியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1979ல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் இருந்த சீட்டஸ் என்ற உயிரித்தொழில்நுட்பக் கம்பெனியில் சேர்ந்தார். மற்ற விஞ்ஞானிகளுக்குக் குட்டி டிஎன்ஏ துண்டுகளைச் செய்து கொடுப்பது வேலை. குரானா காலத்தில் மாதக்கணக்கான அந்த வேலையைச் செய்ய இயந்திரம் வந்துவிட்டது. முல்லிஸுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. ஆட்டோமேஷனால் ஆள் குறைப்பு நடந்த கதைகள் நமக்கு நிறையத் தெரியும். ஒரு ஆளுக்கு ஓய்வு கிடைத்து அதில் நோபல் விளைந்தது இந்த ஒரு இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

1983 வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. வார விடுமுறைக்கு மலைப்பக்கம் இருந்த தன் வீட்டுக்குத் தோழியோடு ஹோண்டா சிவிக் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் ஒற்றை எழுத்தை எப்படிப் படிப்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, இரண்டு பிரைமரை எதிரெதிரே வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால் இரட்டிப்பாகிக்கொண்டே போகுமே என்று தோன்றியது. வண்டியை ஓரங்கட்டி, கிடைத்த தாளில் எழுதிப் பார்த்தார். இதெல்லாம் அவரே பிற்பாடு பல முறை சொன்னது.

கம்பெனியில் சொன்னபோது பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு சுலபமானது ஏற்கெனவே யாராவது செய்திருப்பார்கள், செய்யவில்லை என்றால் அது நடக்காது என்றுதான் நினைத்தார்கள். 1983 டிசம்பரில் ஒரு சின்னச் சோதனையில் பலன் கிடைத்ததாக முல்லிஸ் எழுதியிருக்கிறார். ஆனால் மனித டிஎன்ஏவில், மற்றவர்கள் நம்பும்படி நடத்திக் காட்ட வேண்டுமே? அதற்கு ராண்டல் சைக்கி, ஹென்றி எர்லிக், நார்மன் ஆர்ன்ஹைம், ஃப்ரெட் ஃபலூனா என்று ஒரு கூட்டமே உழைத்தது. வெவ்வேறு வெப்பநிலைகளில் தண்ணீர்த் தொட்டிகள், கையில் நிறுத்துக்கடிகாரம், குழாயை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் என்சைம் வெந்துவிடும். மூடியைத் திறந்து புதிதாக ஊற்ற வேண்டும். 20 சுற்றுக்கு 20 முறை.

1985 டிசம்பரில் சயன்ஸ் இதழில் வந்த முதல் கட்டுரையின் முதல் பெயர் சைக்கி. அது வெறும் செய்முறைக் கட்டுரை இல்லை, அரிவாள் செல் சோகையைக் கண்டறிவது பற்றியது. ஒரே ஒரு எழுத்து மாறியதால் வரும் ரத்த நோய். இந்தியாவில் அரிவாள் செல் பற்றி முதலில் வெளியான பதிவு நம் நீலகிரி மலைவாசிகளிடம் கண்டது, 1952ல். 2023ல் மத்திய அரசு இந்த நோயை ஒழிக்கத் தனித் திட்டமே தொடங்கியது. பிசிஆர் முதலில் தொட்டது நமக்குச் சம்பந்தமில்லாத நோய் இல்லை.

முல்லிஸ் எழுதிய கட்டுரையை நேச்சரும் சயன்ஸும் திருப்பி அனுப்பிவிட்டன. 1987ல் வேறு இடத்தில் வந்தது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

பிறகுதான் யெல்லோஸ்டோன் சக்கரம் வந்து மாட்டியது. சூட்டில் வேகாத என்சைம் வேண்டும் என்று தேடியபோது 1976ஆம் வருடக் கட்டுரை கண்ணில் பட்டது. சேமிப்பகத்திலிருந்து பாக்டீரியாவை வரவழைத்தார்கள். விலை 35 டாலர் என்று சொல்வார்கள். டேவிட் கெல்ஃபாண்டும் சுசன் ஸ்டாஃபலும் என்சைமைச் சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். டாக் பாலிமரேஸ் என்று பெயர். ஒரு முறை போட்டு மூடினால் போதும், 30 சுற்றும் தாங்கும். இதை விவரித்த கட்டுரை 1988ல் வந்தது. மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்றதும் வேலை என் தொழிலுக்குள் வந்துவிட்டது: ஒரு உலோகக் கட்டை, அதைச் சூடேற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. மனிதன் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

1991ல் சீட்டஸ் பிசிஆர் உரிமைகளை ரோஷ் கம்பெனிக்கு 30 கோடி டாலருக்கு விற்றது. முல்லிஸுக்குக் கிடைத்திருந்த போனஸ் 10,000 டாலர். அதே 1991ல் டூபான்ட் கம்பெனி ஒரு வழக்கு நடத்தியது: 1971லேயே குரானாவின் ஆய்வுக்கூடம் இதை எழுதிவிட்டதே, காப்புரிமை எப்படிச் செல்லும் என்பது வாதம். ஜூரி சீட்டஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 1993ல் வேதியியல் நோபல் முல்லிஸுக்கு, கனடாவின் மைக்கேல் ஸ்மித்தோடு பகிர்ந்து. பிராக், க்ளெப்பே, சைக்கி, கெல்ஃபாண்ட் யாருக்கும் இல்லை. ஊற்று இருந்த யெல்லோஸ்டோனுக்கும் இதில் ஒரு பைசா வரவில்லை.

முல்லிஸின் பங்கு சின்னது என்று நான் சொல்லவில்லை. கண் முன்னே கிடந்த சாமான்களைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அந்த இரவில் பார்த்தவர் அவர்தான். ஆனால் தேரை இழுத்தது ஊர். முன்னால் வடம் பிடித்தவர் பெயர் கல்வெட்டில் ஏறியது.

என்னவெல்லாம் ஆயிற்று

சிகாகோவில் ஒருவர் பாலியல் வன்முறை வழக்கில் 1979ல் தண்டிக்கப்பட்டார். அவர் நிரபராதி என்று நிரூபிக்க, அலெக் ஜெஃப்ரிஸின் முந்தைய டிஎன்ஏ ரேகை முறையை முயன்றார்கள். பழைய மாதிரி சிதைந்திருந்ததால் முடிவு கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த கொஞ்சத்தை பிசிஆர் பெருக்கிக் காட்டியது. அவர் இல்லை. 1989ல் தண்டனை ரத்தாயிற்று. அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனையால் குற்றமற்றவர் என்று விடுபட்ட முதல் ஆள் அவர். அதன்பின் பல நூறு பேர்.

1990களில் நகல் பெருகப் பெருக ஒளிரும் சாயம் சேர்த்து, எந்தச் சுற்றில் ஒளி தெரிகிறது என்று பார்க்கும் முறை வந்தது. சீக்கிரம் தெரிந்தால் ஆரம்பத்தில் நிறைய இருந்தது, தாமதமானால் கொஞ்சம் இருந்தது. நம் கோவிட் ரிப்போர்ட்டில் சிடி வேல்யூ என்று போட்டிருந்தார்களே, அது இந்தச் சுற்று எண்தான். 20க்கும் 30க்கும் வித்தியாசம் பத்து இல்லை. பத்து முறை இரட்டிப்பு, அதாவது சுமார் ஆயிரம் மடங்கு. 2021ல் ஐசிஎம்ஆர் 35 வரை பாசிட்டிவ் என்று எல்லை சொன்னது.

கொரோனா வைரஸில் இருப்பது டிஎன்ஏ இல்லை, ஆர்என்ஏ. அதை முதலில் டிஎன்ஏவாக மாற்றிவிட்டுத்தான் பெருக்க வேண்டும். அந்த மாற்றும் என்சைமை 1970ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஆர்டி-பிசிஆரில் வரும் ஆர்டி அதுதான். இந்தத் தேருக்கு இன்னும் இரண்டு பேர். 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் வைரஸின் எழுத்துவரிசை வெளியானது. சில நாட்களுக்குள் சோதனை முறை தயார். வூஹானிலிருந்து திருச்சூர் திரும்பிய மாணவியின் மாதிரி எங்கள் புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு வந்தது. ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி என்று உறுதியாயிற்று. பிரைமர் செய்யவே மாதக்கணக்கான 1971ல் இதே வைரஸ் வந்திருந்தால்?

காசநோய்க்கும் இதே தத்துவம்தான். அரசு மருத்துவமனையில் சிபிநாட் என்றோ ட்ரூநாட் என்றோ எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் பிசிஆரின் பிள்ளைகள். சளியில் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லும். ட்ரூநாட் பெங்களூரிலும் கோவாவிலும் உருவானது. பேட்டரியில் ஓடும், மின்சாரம் சரியில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். தேசியத் திட்டத்தின் கீழ் சோதனை இலவசம்.

சரி, அந்த ஃபார்வர்டு?

முல்லிஸ் இறந்தது 2019 ஆகஸ்ட் 7. கோவிட் என்ற பெயரே பிறந்தது 2020ல். கோவிட் சோதனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க முடியாது.

அப்படியானால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1990களிலிருந்து. எச்ஐவி வைரஸால் எய்ட்ஸ் வருகிறது என்பதை முல்லிஸ் ஏற்கவில்லை. பிசிஆரை வைத்து எச்ஐவியை அளப்பதையும் கேலி செய்தார். அவருக்கு அந்தத் துறையில் ஆராய்ச்சி எதுவும் இல்லை. எய்ட்ஸுக்குக் காரணம் எச்ஐவி இல்லை என்று வாதாடிய பீட்டர் டூஸ்பெர்கின் 1996ஆம் வருடப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதினார். அந்த டூஸ்பெர்க் 2000ல் தென்னாப்பிரிக்க அதிபர் எம்பெகி அமைத்த ஆலோசனைக் குழுவில் இருந்தார். அந்த அரசு எய்ட்ஸ் மருந்துகளைத் தருவதில் வருடக்கணக்கில் இழுத்தடித்தது. அதனால் 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முல்லிஸ்தான் காரணம் என்று இல்லை. ஆனால் "நோபல் வாங்கியவரே சொல்கிறார்" என்பது அந்தக் கூட்டத்துக்குக் கிடைத்த பெரிய முத்திரை. இன்று எச்ஐவி நோயாளிக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது எதை வைத்து? ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பிசிஆர் சொல்வதை வைத்து.

ஃபார்வர்டில் ஒரு துளி உண்மை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பிசிஆர் பார்ப்பது வைரஸின் எழுத்துத் துண்டைத்தான். அது உயிரோடிருக்கும் வைரஸா, செத்துப்போனதன் மிச்சமா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் குணமாகி வாரக்கணக்கான பிறகும் சிலருக்குப் பாசிட்டிவ் வந்தது. பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு துளி தெறித்தாலும் அதையும் கோடியாக்கிக் காட்டும். குச்சி சரியாகப் போகவில்லை என்றால் நோய் இருந்தும் நெகட்டிவ் வரும். இதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் வைரஸே இல்லாத வெறும் குழாய் ஒன்று, நிச்சயம் வைரஸ் உள்ள குழாய் ஒன்று என்று வைத்துத்தான் ஓட்டுவார்கள். வெறும் குழாயில் ஒளி தெரிந்தால் அந்தத் தொகுதி முழுதும் குப்பைக்கு.

கவனியுங்கள், சோதனையை நம்பலாமா என்பதை முடிவு செய்வது அந்த வெறும் குழாய். முல்லிஸ் இல்லை. அவர் நல்லவிதமாகச் சொன்னாலும் அதே குழாய்தான், கெட்டவிதமாகச் சொன்னாலும் அதே குழாய்தான்.

ஒரு மனிதர் கண்டுபிடித்தார், அவர் வார்த்தையே வேதம் என்று நினைக்கும்போதுதான் இந்த மாதிரி ஃபார்வர்டு செல்லுபடியாகிறது. க்ளெப்பேயும் குரானாவும் எழுதி வைத்தது, பிராக்கும் ஃப்ரீஸும் ஊற்றில் எடுத்தது, சின்சினாட்டி மூவர் பிரித்தது, முல்லிஸ் சேர்த்துப் பார்த்தது, சைக்கி தொட்டி தொட்டியாக மாற்றி நடத்திக் காட்டியது என்று தெரிந்தால், "கண்டுபிடித்தவரே சொல்லிவிட்டார்" என்பதற்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி தானாக வந்துவிடும்: "எந்தக் கண்டுபிடித்தவர்?"

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் பெரியப்பாவோடு சண்டை போட வேண்டாம். அவர் இறந்த தேதியை மரியாதையாக அனுப்பி வையுங்கள். இன்னும் கேட்டால், முல்தான் பக்கம் நூறு பேர் இருந்த ஊரில் பிறந்த பட்வாரி மகன் கதையிலிருந்து ஆரம்பியுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கதை பிடிக்கும்.